கோடை முடியும் வேளையில் வீட்டிலிருந்தே பறவை பார்ப்பது: ஒரு காலைப் பொழுதுக்கான முழுமையான வழிகாட்டி

பறவை பார்ப்பது என்றாலே நம் ஊரில் பலருக்கும் மார்கழியும் தையும்தான் நினைவுக்கு வரும். வேடந்தாங்கல், கூந்தன்குளம், வலசை வரும் வாத்துகள், ஏரிக்கரையில் பனி. வெயில் காலம் தொடங்கியதும் பைனாகுலரை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அக்னி நட்சத்திரம் முடிந்து, மே மாதக் கடைசியில் தொடங்கி ஆடி பிறக்கும்வரை வருகிற ஆறேழு வாரங்கள்தான் வீட்டில் இருந்தபடியே பறவை பார்க்க மிகச் சிறந்த காலம் என்பேன்.

காரணம் சொல்கிறேன். இந்தச் சமயத்தில்தான் வேம்பு பழுக்கிறது. குளம் குட்டையில் தண்ணீர் வற்றியிருப்பதால் பறவைகள் நம் வீட்டுத் தண்ணீரைத் தேடி வருகின்றன. எல்லாவற்றையும் விட முக்கியமானது, நம் ஊரிலேயே வாழும் பறவைகளில் பல இந்த மாதங்களில் கூடு கட்டுகின்றன, குஞ்சுக்கு இரை ஊட்டுகின்றன, பறக்கப் பழக்குகின்றன. குளிர்காலத்தில் விருந்தாளிகளைப் பார்க்கலாம். இப்போது நம் வாசலிலேயே குடியிருப்பவர்களின் வாழ்க்கையைப் பார்க்கலாம். அதற்குக் காடும் ஏரியும் வேண்டாம். ஒரு மரம் தெரியும் ஜன்னல் போதும்.

கீழே சொல்வதெல்லாம் தமிழகத்தின் சமவெளி ஊர்களுக்குப் பொருந்தும். மதுரை, திருச்சி, வேலூர், சென்னைப் புறநகர் என்று எதுவானாலும் சரி. ஊட்டி, கொடைக்கானலில் பறவைகளும் வேறு, பருவமும் வேறு.

முந்தைய நாள் மாலை: இடத்தையும் தண்ணீரையும் தயார் செய்யுங்கள்

உட்காரும் இடத்தை முந்தைய நாளே முடிவு செய்துவிடுங்கள். கிழக்கைப் பார்த்து உட்கார்ந்தால் ஆறரை மணிக்கு மேல் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். ஆனி மாதத்தில் சூரியன் கொஞ்சம் வடகிழக்காக உதிப்பதால், மேற்கையோ தென்மேற்கையோ பார்த்து உட்காருவது நல்லது.

தனி வீடு என்றால் திண்ணையோ பின்வாசல் படியோ போதும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் குறைப்பட வேண்டாம். இரண்டாம், மூன்றாம் மாடி பால்கனி மரத்தின் உச்சிக்கு நேராக இருக்கும். கீழே நிற்பவர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பதை நீங்கள் நேராகப் பார்க்கலாம். மொட்டை மாடி விடியும்போது மட்டும் நல்ல இடம். ஏழு மணிக்கு மேல் அங்கே வெயிலும் தாங்காது, மறைவும் கிடையாது. அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் அமர்ந்தால், பறவைக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. என் கணக்கில் இதுதான் முதல் இடம்.

அப்புறம் தண்ணீர். வாய் அகன்ற மண் தட்டு நல்லது. ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பாத்திரம் ஆழமாக இருந்தால் நடுவில் ஒரு தட்டையான கல்லைப் போடுங்கள், சிறு பறவை அதில் நின்று குளிக்கும். பிளாஸ்டிக், எவர்சில்வர் பாத்திரங்களில் கால் வழுக்கும், வெயிலில் சூடும் ஏறிவிடும். நிழலில், பூனை பதுங்க முடியாத திறந்த இடத்தில், பக்கத்தில் பறந்துபோய் உட்கார ஒரு கிளை இருக்கும்படி வையுங்கள். பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு நேர் எதிரே வேண்டாம், கண்ணாடியில் தெரியும் வானத்தை நிஜம் என்று நம்பிப் பறவை வந்து மோதும்.

தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்றுங்கள். கொசு முட்டையிட்டுப் புழுவாகிப் பறந்து போவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தினமும் கொட்டினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முதல் நாள் வைத்தவுடன் பறவை வந்துவிடாது. ஒரு வாரம் விடாமல் அதே இடத்தில் வையுங்கள், வரும்.

பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம். வாங்குவதாக இருந்தால் 8×42 என்ற அளவைக் கேளுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு, 12 மடங்கு என்று ஆசைப்பட்டால் கை ஆட்டமும் அதே அளவுக்குப் பெரிதாகும், காட்சிப் பரப்பும் சுருங்கும். வீட்டில் பார்ப்பதற்கு அது தேவையே இல்லை.

வாங்கியதும் முதல் வேலை, அதை உங்கள் கண்ணுக்குச் சரி செய்வது. வலது குழாயை மூடிக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் ஏதாவது ஒரு எழுத்துப் பலகையைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது குழாயை மூடி, வலது கண் பக்கம் இருக்கும் சிறு வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் அந்த இடத்திலேயே இருக்கட்டும், இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி அணிபவர்கள் கண் பக்கமுள்ள ரப்பர் மூடியை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் பலர் தலைவலி வந்து பைனாகுலரை ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு சொம்பு தண்ணீர். அவ்வளவுதான். படுத்துத் தூங்குங்கள்.

விடியுமுன்: காதுக்கான நேரம்

ஜூன் தொடக்கத்தில் சென்னையில் ஏறக்குறைய 5.42க்கு சூரியன் உதிக்கிறது. மதுரையில் கால் மணி நேரம் தள்ளி. நீங்கள் ஐந்து மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிட வேண்டும். இந்த அரை மணி நேரத்தில் கண்ணுக்கு வேலை இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள்.

பெரும்பாலும் முதலில் கேட்பது கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி. இருட்டு விலகும் முன்பே மின்கம்பியில் உட்கார்ந்து கரகரப்பாகத் தொடங்கிவிடும். அடுத்து குண்டுக்கரிச்சான். கறுப்பு வெள்ளையில், வாலைத் தூக்கி நிற்கும் பறவை. ஆண் பறவை ஆன்டெனா உச்சியிலோ தென்னை மட்டையிலோ நின்று விசிலடிப்பதுபோல் விதவிதமாகப் பாடும். மழைக்காலத்தில் வாயே திறக்காத பறவை இது. மார்ச் முதல் ஜூலை வரைதான் இந்தக் கச்சேரி. அதனால் இப்போது கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

குயிலைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு கூவலும் முந்தியதைவிட ஒரு படி உயர்ந்துகொண்டே போகும். ஆனால் உங்கள் பகுதியில் அக்கா குயிலும் இருக்கலாம். அதுவும் சுருதி ஏற்றிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்தும். வேறுபாடு எளிது: குயிலுக்கு இரண்டு அசை, அக்கா குயிலுக்கு மூன்று. அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் "ஊப் ஊப் ஊப்" என்று புதரிலிருந்து கேட்டால் செம்போத்து. வெயில் ஏறியபின்பும் விடாமல், ஒரே சுருதியில் "டுக் டுக் டுக்" என்று தட்டினால் குக்குறுவான். அரசு, ஆல், அத்தி மரம் பக்கத்தில் இருந்தால் கட்டாயம் கேட்கும். உடம்பு விரல் நீளம்தான், ஆனால் தையல்சிட்டின் "டுவீட் டுவீட்" தெருவையே நிறைக்கும்.

செல்போனில் மெர்லின் என்ற இலவசச் செயலி இருக்கிறது, கேட்கும் குரலை வைத்துப் பெயர் சொல்லும். பயன்படுத்துங்கள், ஆனால் அது சொன்னதை அப்படியே நோட்டில் எழுதாதீர்கள். கரிச்சான் வல்லூறு மாதிரி கத்தி ஏமாற்றக்கூடிய பறவை, செயலியையும் ஏமாற்றும். செயலி ஒரு பெயர் சொன்னால், அந்தக் குரல் வரும் திசையில் பறவையைக் கண்ணால் பார்த்தபின் எழுதுங்கள். இப்படித் தேடிக் கண்டுபிடித்த குரல் பிறகு மறக்காது.

தேனி, தென்காசி, கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. ஆனி பிறந்ததும் மேல்காற்று பலமாக அடிக்கும், ஒன்றும் காதில் விழாது. பறவைகளும் மர உச்சியை விட்டுத் தாழ்வான செடிகளுக்கு வந்துவிடும். காற்று படாத பக்கம் உட்கார்ந்து கீழே தேடுங்கள்.

வெளிச்சம் வந்ததும்: ஒரே மரத்தைப் பாருங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் எங்கே அசைந்தாலும் அங்கே திரும்புவார்கள். கடைசியில் எதையும் முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் அதையே பாருங்கள். வேம்பு இருந்தால் வேம்பு. இல்லையென்றால் நாவல், முருங்கை, கொய்யா, பக்கத்து வீட்டு மாமரம் எதுவானாலும் சரி.

இந்த மாதங்களில் பழுத்த வேம்பு ஒரு பந்திதான். காகம், மைனா, சின்னான் (புல்புல்), குயில் எல்லாம் வரும். ஒவ்வொன்றும் சாப்பிடும் விதத்தைக் கவனியுங்கள். காகம் பழத்தைப் பறித்து, காலுக்கடியில் வைத்துச் சதையைத் தின்னும், அல்லது அப்படியே விழுங்கிவிட்டுப் பிறகு கொட்டையைக் கக்கும். காகங்கள் அடையும் மரத்தடியில் வேப்பங்கொட்டை குவிந்து கிடப்பது அதனால்தான். சுவரிடுக்கில், யாரும் நடாத இடத்தில் வேப்பங்கன்று முளைப்பதும் இந்த வேலையால்தான். குயில் இலைக்குள்ளேயே ஒளிந்து தின்னும். மரத்தில் குயில் இருப்பது தெரியும், ஆனால் கண்ணில் படாது. பழம் விழும் இடத்துக்கு நேர் மேலே பொறுமையாகப் பாருங்கள். முதலில் சிவந்த கண்தான் தெரியும்.

பறவை கண்ணில் பட்டதும் பார்வையை அதிலிருந்து எடுக்காமல், பைனாகுலரை மட்டும் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கீழே குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும். தெரியாத பறவையாக இருந்தால் நிறத்தைக் கடைசியில் பாருங்கள். காலை வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். முதலில் அளவு: சிட்டுக்குருவியா, மைனாவா, காகமா, எதற்குப் பக்கத்தில் வருகிறது? பிறகு அலகு: ஊசியா, கூம்பா, கொக்கியா? வால் எவ்வளவு நீளம், அதை எப்படி வைத்திருக்கிறது? தரையில் நடக்கிறதா, தத்துகிறதா, கிளையைத் தழுவிக்கொண்டு ஏறுகிறதா? இவ்வளவும் பார்த்தபின் நிறம்.

பழக்கமான பறவையிலும் ஒன்று தேட வேண்டும்: குஞ்சு. பறக்கத் தொடங்கிய குஞ்சு தாய் அளவுக்கே இருக்கும். ஆனால் வால் குட்டை, அலகின் ஓரத்தில் கடைவாய் மஞ்சளாகத் தடித்திருக்கும், இறக்கையைப் படபடவென்று நடுங்கவிட்டு வாயைப் பிளக்கும். இளம் மைனாவின் தலை கறுப்பாக இல்லாமல் மங்கிய பழுப்பாக இருக்கும். சின்னான் குஞ்சுக்கு வாலடிச் சிவப்பு வெளிறியிருக்கும். இப்படி ஒன்றைப் பார்த்தால், அதற்கு எது ஊட்டுகிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, அலகில் என்ன இருக்கிறது என்று அங்கேயே இருந்து பாருங்கள். பழம் தின்னும் பறவைகள்கூடக் குஞ்சுக்குப் பெரும்பாலும் பூச்சிதான் கொண்டுவருகின்றன என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

செம்பருத்தியில் மூன்று தேன்சிட்டுகள்

வீட்டில் செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை எது இருந்தாலும் தேன்சிட்டு வரும். பலரும் "தேன்சிட்டு" என்று ஒரே பெயரில் முடித்துக்கொள்வார்கள். சமவெளி வீடுகளில் மூன்று வகை வர வாய்ப்புண்டு, கொஞ்சம் நின்று பார்த்தால் பிரித்துவிடலாம்.

வயிறு மஞ்சளாக, மார்பில் அரக்குப் பட்டையோடு, வெயில் படும்போது தோளும் இடுப்பும் ஊதாவாக மின்னினால் அது ஊதாப்பிட்டு தேன்சிட்டு ஆண். மூன்றில் இதுதான் அதிகம். உடம்பு முழுக்கக் கறுப்பாகத் தெரிந்து, வெயிலில் நீலமும் ஊதாவுமாக மின்னினால் ஊதா தேன்சிட்டு. அதுவும் கறுப்புதான், ஆனால் அலகு நீளமாக, வில்லாக வளைந்து, வயிறு பழுப்பாக இருந்தால் லோட்டன் தேன்சிட்டு. 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர்தான் அது. பெண் பறவைகள் மூன்றும் மங்கலான நிறம். தொண்டை வெளிறிச் சாம்பலாகவும் மார்பு மஞ்சளாகவும் இருந்தால் ஊதாப்பிட்டின் பெண். மற்ற இரண்டுக்கும் அலகின் நீளத்தைப் பாருங்கள்.

பூவுக்கு முன்னால் நேராக வந்து தேன் குடிக்கும் என்று நினைத்தால், செம்பருத்தியில் அது நடக்காது. பூவின் அடிப்பக்கத்தில், காம்பை ஒட்டி அலகால் ஒரு துளை போட்டு, அதன் வழியாக உறிஞ்சும். விழுந்த பூவை எடுத்து அடியைப் பாருங்கள், கீறல் தெரியும். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது இலைகளையும் நனைத்துவிடுங்கள். தேன்சிட்டு மண் தட்டில் இறங்குவது குறைவு. நனைந்த இலைமேல் உடம்பைத் தேய்த்துப் புரண்டு குளிக்கும். ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து இதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

துணி காயும் கொடியில், பழைய கேபிள் ஒயரில் குப்பை தொங்குவதுபோல் ஒரு பை தெரிகிறதா? அறுத்து எறிந்துவிடாதீர்கள். சிலந்தி வலையால் நார், பட்டைத்தூள், புழு எச்சம் எல்லாவற்றையும் ஒட்டவைத்துத் தேன்சிட்டு கட்டிய கூடு அது. பக்கவாட்டில் வாசலும், அதன்மேல் சிறு கூரையும் இருக்கும்.

காகமும் குயிலும்

இந்தப் பருவத்துக்கே உரிய காட்சி இது, இதைப் பார்க்காமல் கோடையை விடாதீர்கள். கன்னங்கரேலென்று சிவந்த கண்ணோடு இருப்பது ஆண் குயில். கூவுவதும் அதுதான். பெண் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் கோடுமாக இருக்கும், "கிக் கிக் கிக்" என்று பதறி ஓடுவதுபோல் கத்தும். பலர் இதை வேறு பறவை என்றே நினைத்திருப்பார்கள்.

காகம் கூடு கட்டும் அதே மாதங்களில்தான் குயிலும் முட்டையிடுகிறது, காகத்தின் கூட்டிலேயே. குயிலின் முட்டை காக முட்டையை விடச் சிறியது, ஆனால் நிறமும் புள்ளியும் ஏறத்தாழ ஒன்றுபோல. குயில் குஞ்சு 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும். காகத்தின் முட்டைக்கு அதைவிடச் சில நாள் கூடுதலாகும். முந்திப் பொரிந்த குஞ்சுக்கு முந்தி இரை, அதனால் வளர்ச்சியும் வேகம்.

நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான். காலையில் ஆண் குயிலைக் காகங்கள் துரத்துகின்றனவா? துரத்தினால், அவை எந்த மரத்திலிருந்து கிளம்பி வந்தன என்று பாருங்கள். கூடு அங்கே இருக்கும். குச்சிகளோடு கம்பித் துண்டும் சேர்த்துக் கட்டிய கூடு கிளைக் கவட்டில் தெரியும். ஜூன் நடுவிலிருந்து, காகத்தின் பின்னாலேயே தத்திப்போய் வாய் பிளக்கும் கறுப்புக் குஞ்சுகளை ஒன்றுக்கு இரண்டு முறை உற்றுப் பாருங்கள். காகக் குஞ்சின் அலகு தடிமன், கழுத்தில் சாம்பல் சாயல். குயில் குஞ்சு மெலிந்து, வால் நீண்டு இருக்கும். காகம் தன்னைவிடச் சிறிய அந்தக் குஞ்சின் தொண்டைக்குள் அலகை விட்டு ஊட்டுவதைப் பார்த்தால் நம்பவே முடியாது.

இதே கதை தவிட்டுக்குருவியிலும் உண்டு. எட்டுப் பத்தாகக் கூட்டம் சேர்ந்து, மங்கிய வெளிர்த் தலையும் வெளிறிய கண்ணுமாக, சருகைப் புரட்டிக்கொண்டு கீச்சிடுமே, அதுதான். இந்த வகை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. ஒரு ஜோடியின் குஞ்சுக்குக் கூட்டமே சேர்ந்து ஊட்டும். ஒன்று மட்டும் மேலே உட்கார்ந்து காவல் பார்க்கும். இவற்றின் கூட்டில் முட்டையிடுவது சுடலைக்குயில்: மேலே கறுப்பு, கீழே வெள்ளை, தலையில் கொண்டை. தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தால் ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். வால் நீண்ட, கொண்டை முளைக்கும் அந்நியக் குஞ்சு ஒன்று நடுவில் இருக்கலாம்.

ஏழரைக்கு மேல்: தண்ணீர்த் தட்டும் வானமும்

வெயில் ஏறியதும் மரம் அடங்கிவிடும், தண்ணீர்த் தட்டு களைகட்டும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. காகம் டிஷ் ஆன்டெனாவில் வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி நிற்பது உடல் சூட்டைத் தணிக்கத்தான். மைனாவும் அப்படியே. இந்த நேரத்தில் தட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். காகம் எங்கிருந்தோ கொண்டுவந்த எலும்பையோ காய்ந்த சப்பாத்தியையோ அதில் ஊறப் போட்டிருக்கும். எடுத்துவிட்டு மாற்றி ஊற்றுங்கள்.

சட்டென்று எல்லாச் சத்தமும் நின்று, ஒரு அணில் மட்டும் விடாமல் கத்தினால் அசையாமல் சுற்றிலும் பாருங்கள். வல்லூறு வந்திருக்கும். புறா அளவு, மேலே சாம்பல், மார்பில் நெருக்கமான செம்பழுப்புக் கோடுகள், கிளைக்குள் ஓரமாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அணில் எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகிறதோ, அந்தப் பக்கம் பாருங்கள்.

எட்டு மணிக்கு மேல் தரை சூடாகி வெப்பக்காற்று எழும்ப, பருந்துகள் இறக்கை அடிக்காமல் வட்டமிடத் தொடங்கும். வால் நடுவில் பிளந்திருந்தால் கரும்பருந்து. வால் வட்டமாக, தலை வெள்ளை, உடம்பு செங்கல் நிறம் என்றால் செம்பருந்து, நம் கருடன். அவற்றுக்குக் கீழே அரிவாள் இறக்கையோடு விர்ரென்று சுற்றுபவை உழவாரன்கள். பக்கத்தில் பனைமரம் இருந்தால் பனை உழவாரன்தான். பனையோலையின் அடியில் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும். உழவாரன் கம்பியில் உட்காரவே உட்காராது, அதை நினைவில் வையுங்கள்.

முந்தைய நாள் கோடை மழை பெய்திருந்தால் இதெல்லாம் தலைகீழ். ஈசல் கிளம்பும். கரிச்சான் கம்பியிலிருந்து பாய்ந்து பாய்ந்து பிடிக்கும், மைனா தரையில் ஓடிப் பொறுக்கும், பருந்துகூடக் காலால் பிடித்துப் பறந்தபடியே தின்னும். அப்படி ஒரு காலை வாய்த்தால் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை.

நோட்டில் என்ன எழுதுவது

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை. பிறகு பறவையும் எண்ணிக்கையும். ஒரே காகம் பத்துமுறை வந்துபோனால் பத்து என்று எழுதக் கூடாது. ஒரே நேரத்தில் சேர்ந்தாற்போல் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுங்கள். காகம், புறா, மைனாவையும் விடாமல் எழுதுங்கள். சாதாரணம் என்று நாம் நினைக்கும் பறவைகளின் கணக்குதான் பிற்காலத்தில் தேவைப்படுகிறது. சிட்டுக்குருவி எந்தத் தெருவில் எப்போது குறைந்தது என்று யாராவது எழுதி வைத்திருந்தால் இன்று எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

இதையே, பறவை பார்ப்பவர்களின் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் இபேர்டு (eBird) இணையதளத்திலும் ஏற்றலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கியது, இலவசம். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்ததால் "நிலையான" பட்டியல் என்று குறிக்க வேண்டும். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் சேர்த்தால் முழுப்பட்டியல் ஆகும், ஆய்வாளர்களுக்கு அதுதான் அதிகம் பயன்படும். இடத்தைக் குறிக்கும்போது வீட்டு முகவரியைப் பெயராக வைக்காமல், தெருவையோ பகுதியையோ வையுங்கள்.

பார்த்த செயலை ஒரு வரியாவது எழுதுங்கள். "மைனா 4" என்பதைவிட "மைனா 4, ஏசி பைப் துளைக்குள் வைக்கோல் கொண்டுபோனது" என்ற வரி அடுத்த ஆண்டு உங்களுக்கே பேசும்.

கூடும் குஞ்சும் கண்ணில் பட்டால்

கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள், இலையை விலக்கிப் படம் எடுக்காதீர்கள். நீங்கள் விலக்கிய வழியில் காகமும் வால்காக்கையும் உள்ளே பார்த்துவிடும். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இந்த மாதங்களில் கூடவே கூடாது. எதிரி வந்துவிட்டது என்று நினைத்துக் குஞ்சை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் அது பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்திலேயே இருக்கும். நாய், பூனை வரும் இடமென்றால் அருகிலுள்ள புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு விலகுங்கள். இறகே முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால், கூடு எட்டினால் திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை. எந்தக் குஞ்சையும் வளர்க்கலாம் என்று வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கிளி என்றால் அது 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் கூட.

வேலியைக் கத்தரிப்பது, கிளை வெட்டுவது எல்லாம் கூடு காலியாகும்வரை தள்ளிப்போடுங்கள். நந்தியாவட்டையிலோ கத்தரிச்செடியிலோ இரண்டு இலை சேர்த்துத் தைத்த மாதிரி இருந்தால் உள்ளே தையல்சிட்டு இருக்கும். முருங்கையில் பட்டுப்போன கிளையைக் குக்குறுவானுக்காக விட்டுவையுங்கள். வட்டமாக, அச்சில் வார்த்ததுபோல் துளை போட்டுக் குடியேறும்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்பார்கள். காகத்துக்கு ஒரு கைப்பிடி சோறு வைக்கும் வழக்கம் தொடரட்டும். மிக்சர், சிப்ஸ், உப்புப் போட்ட எதுவும் வேண்டாம். தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடுவதைவிட ஒரு செம்பருத்தி நடுவது மேல். புறாவுக்கு மூட்டைக் கணக்கில் தானியம் கொட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அது புறாக்களை மட்டும் பெருக்கும், மற்றவற்றுக்கு இடமில்லாமல் போகும்.

அடுத்த வாரம், அடுத்த மாதம்

வாரம் ஒரு காலை, அதே இடம், அதே நேரம், குறைந்தது ஒரு மணி நேரம். இடத்தை மாற்றினால் கணக்கை ஒப்பிட முடியாது. முதல் வாரம் வேப்பங்காயாக இருந்தது, மூன்றாம் வாரம் பழமாகி, ஆறாம் வாரம் தரையெல்லாம் கொட்டையாகக் கிடக்கும். அதற்கேற்ப வரும் பறவையும் மாறுவதை உங்கள் நோட்டே காட்டும். குயில் எந்த வாரத்தில் கூவுவதைக் குறைத்தது, குண்டுக்கரிச்சான் எப்போது வாயை மூடியது என்று தனியாகக் குறித்து வையுங்கள்.

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் கம்பியில் வரிசையாக உட்காரும் சிறு பறவைகளைக் கவனியுங்கள். வாலில் நீண்ட பிளவோடு, தொண்டை சிவந்திருந்தால் தகைவிலான், வடக்கிலிருந்து வந்த முதல் வலசைக்காரர்களில் ஒன்று. அதன்பின் மாங்குயிலின் மஞ்சளைத் தேடலாம். முதலில் பார்த்த தேதியை எழுதுங்கள். தை பிறந்ததும், 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். அதில் சேர ஏரிக்குப் போக வேண்டும் என்று இல்லை. குறைந்தது 15 நிமிடம் பார்த்து எழுதிய பட்டியல் போதும், நீங்கள் கோடையில் உட்கார்ந்த அதே ஜன்னலிலிருந்தே அனுப்பலாம்.